மோகினி பிடிக்காததற்கு மூன்று சான்றுகள்

அனுப்புநர்: வே. தணிகாசலம், சீனியர் அசிஸ்டெண்ட் (ஓய்வு), வருவாய்த் துறை, சித்தூர்.

பெறுநர்: திரு. துலுக்காணம் அவர்கள், ஆசிரியர், ‘கருநிலா’ மாத நாவல், சென்னை.

பொருள்: பிப்ரவரி இதழின் பின்அட்டையில் என் மகளுக்கு மோகினி பிடித்ததாக அச்சிட்டது – மறுப்பு வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

உயர்திரு ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சித்தூரிலிருந்து தணிகாசலம் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் சம்சாரம் மணியம்மாவும் மலைமேல் இருக்கிறவர் தயவில், எனக்குச் சர்க்கரை, அவளுக்கு முழங்கால் என்ற இரண்டைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அந்த இரண்டுகூட இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். கௌசிகா என்ற பெயரில் தங்களுக்கு மாதம் ஒரு பேய் நாவல் எழுதுகிறாளே தரணி, அவளுடைய தகப்பனார் நான். அவள் தங்களுக்கு ஒன்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதுவே புகார்க் கடிதமாக அமைந்துவிட்டது, மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். தரணியின் அறுபத்திரண்டாவது நாவலைப் பிப்ரவரியில் வெளியிட்டீர்கள். நாவலைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பின்அட்டையில் ‘எழுத்தாளரின் இளமைக்காலம்’ என்று தலைப்புக் கொடுத்து, அவள் போட்டோவுக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறீர்கள்: “பாகாலாவை அடுத்த பாழடைந்த ஜமீன் பங்களாவில் வளர்ந்தவர். ஏழாம் வயதில் ஆடி அமாவாசை தொடங்கி ஒன்பது நாள் மோகினியின் பிடியில் இருந்தவர். பாட்டனார் புகழ்பெற்ற மாந்திரீகர். தாம் அனுபவித்ததை மட்டுமே எழுதுபவர்.” நாலு வாக்கியம், நாலும் பொய். ஆபீஸில் நான் எத்தனையோ பொய் மனுக்களைப் படித்திருக்கிறேன், அதில்கூட மனுதாரர் பெயராவது நிஜமாக இருக்கும். இதில் பெயரும் புனைபெயர். தங்களுக்கு யார் இந்த விவரத்தைக் கொடுத்தது என்று தரணியைக் கேட்டேன். யாரும் கொடுக்கவில்லையாம், விற்பனைக்காக ஆசிரியரே எழுதிக்கொண்டாராம். “விடு நைனா, அட்டை வித்தாத்தான் உள்ள இருக்கறது விக்கும்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நானும் அன்றைக்கு விட்டுவிட்டேன். விட்டது தப்பு.

ஏனென்றால் அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது ஐயா. பையன் பெயர் யஸ்வந்த், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலை. வீடு திருப்பதியில் கொர்லகுண்டா. நம்மைப் போலத் தமிழ்க் குடும்பம்தான், புத்தூர்ப் பக்கத்துப் பூர்வீகம். இவன் எப்படி அறிமுகம் என்றால், தரணியின் ஒரு நாவலில் ஒரு பேய் திருப்பதியில் நாலு மணிக்கு பாசஞ்சர் ஏறி ஐந்து மணிக்குக் காட்பாடியில் இறங்கியதாக எழுதியிருந்தாள். பாகாலாவில் கிராசிங்குக்கு நிற்கிற வண்டி ஒருநாளும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது என்று இவன் தங்கள் ஆபீஸுக்கே கடிதம் போட்டான், தாங்கள் அதை இவளுக்கு அனுப்பி வைத்தீர்கள். பேய்க்கு ரயில்வே டைம்டேபிள் பார்க்கிற பையன் என்றதும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு வருஷம் பேசிப் பழகி, இரு வீட்டிலும் சம்மதித்து, தை மாதம் பூ வைத்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் முகூர்த்தம் குறிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்துத் தங்கள் பிப்ரவரி இதழ் திருப்பதி பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்க, யஸ்வந்தின் தாயார் அலர்மேல்மங்கை அம்மாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் போன். க்ஷேமம்கூட விசாரிக்காமல், “சம்பந்தி, பொஸ்தகத்துக்குப் பின்னால போட்டுக்கீறது நெஜமா?” என்றார். இந்த மாதிரி விஷயத்தை வாய்வார்த்தையாகச் சொல்வது முறையாகாது, எழுத்து மூலமாகத் தருகிறேன் என்றேன். “அதத்தான் கேக்க வந்தேன். ஆதாரத்தோட எழுதிக் குடுங்க. அத கையில வச்சிக்கினுதான் முகூர்த்தம் குறிக்கணும்” என்று வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கலவரமாக இருந்தது. கோபப்படுகிறவர்களைச் சமாதானம் செய்துவிடலாம், ஆதாரம் கேட்கிறவர்களுக்கு ஆதாரம்தான் தர வேண்டும்.

ஆதாரம் என்றால் நான் சளைத்தவன் இல்லை. சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு என்று முப்பத்தொரு வருஷத்தில் என் கையால் எழுதிப் போன சான்றிதழ்கள் ஒரு லட்சத்துக்குக் குறையாது. அதில் ஒன்றுகூடப் பொய் கிடையாது. என் சொந்த மச்சான் அவன் பையன் படிப்புக்காக வருமானத்தைக் குறைத்துப் போடச் சொன்னான், மாட்டேன் என்றேன், ஆறு வருஷம் என் வீட்டுப் படி ஏறவில்லை. தங்கை மட்டும் தீபாவளிக்கு வந்து தனியாக அழுதுவிட்டுப் போவாள். அப்போதும் நான் மாறவில்லை. எனக்கு வீடு வாசல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை ஐயா, சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே மோகினி பிடிக்கவில்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று இங்கே சான்றிதழ் தருகிற அரசு ஆபீஸான எங்கள் வார்டு சச்சிவாலயத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லை, அதற்கு நான் கடமைப்பட்டவன். கம்ப்யூட்டரில் எல்லாச் சேவைகளையும் மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “அந்த ஆப்ஷன் லேது சார்” என்றது. வேண்டுமானால் இருப்பிடச் சான்று தருகிறேன் என்றது. யோசித்துப் பார்த்தேன். பங்களாவில் வளரவில்லை, பாகாலா அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்தாள் என்றால் முதல் வாக்கியம் அடிபட்டுப் போகிறதே. என் பழைய குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு உத்தரவைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். இணைப்பு ஒன்று. அப்புறம் தரணியை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார். மோகினியைப் பற்றி எழுத மாட்டாராம். அதை நான் இணைக்கவில்லை, இரும்புச்சத்து குறைந்தால்தான் காத்து கருப்பு அண்டும் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள்.

பிறகு பாகாலாவுக்கே பஸ் ஏறினேன். தரணி இரண்டாம் வகுப்புப் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது கிருஷ்ணப்பா என்று, மூன்று மாநில எல்லையில் இருக்கும் குப்பம் ஊர்க்காரர் ஹெட்மாஸ்டராக இருக்கிறார். தமிழில் தொடங்கி தெலுங்கில் நடந்து கன்னடத்தில் முடிக்கிறவர், தங்கமான மனிதர். வந்த காரியத்தைச் சொன்னேன். பீரோவைத் திறந்து காட்டினார். ஒன்றாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் கரையான் தின்றுவிட்டிருந்தது, ஏழுமலையான் கிருபை, இரண்டாம் வகுப்பு மட்டும் முழுசாக இருந்தது. நானும் அவரும் பஞ்சாங்கத்தையும் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த வருஷம் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஆகஸ்டு பதினைந்து. ஞாயிறு ஆனாலும் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் வந்து கையெழுத்துப் போட்டு மிட்டாய் வாங்கியிருக்கிறார்கள், தரணி கையெழுத்தும் இருக்கிறது. மறுநாளிலிருந்து அடுத்த திங்கள் வரை, நடுவே ஒரு ஞாயிறு நீங்கலாக, ஏழு நாளும் ஆஜர். வியாழக்கிழமை மட்டும் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காரணம்: பச்சை வேர்க்கடலை, வயிற்றுப்போக்கு. மோகினி பிடியில் இருக்கிற குழந்தை கொடி வணக்கம் செய்து மிட்டாய் வாங்குமா ஐயா? கிருஷ்ணப்பா சார் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இணைப்பு இரண்டு. இடையில் வந்த அந்த ஞாயிறு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்ததாக மணியம்மா வாக்குமூலம் தருகிறாள், வேண்டுமானால் அதையும் அனுப்புகிறேன்.

மூன்றாவது என் நைனா. தாங்கள் மாந்திரீகர் என்று போட்டிருக்கும் அந்த மனிதர் கங்காதர நெல்லூரில் கால்நடை ஆஸ்பத்திரியில் காம்பவுண்டர். மாட்டுக்கு ஊசி போடுகிறவர். அவருடைய பென்ஷன் உத்தரவின் ஜெராக்ஸ் இணைப்பு மூன்று. ஊசியைப் பார்த்தால் மாடுதான் நடுங்கும் என்பார்கள், இவர் கையில் ஊசி இருந்தால் இவரும் நடுங்குவார். அவ்வளவு சாது. அவர் போட்டோவை மாட்டி வைத்திருக்கிறோம், இந்த அட்டையைப் பார்த்ததிலிருந்து அதற்கு நேராக நிற்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாலாவது வாக்கியத்துக்கு இணைப்பு கிடையாது, ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், தங்களுக்கே இளமைக்காலம் எழுத உதவும். தரணி பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிற பெண். எழுதுவதெல்லாம் காலை பத்து மணிக்கு மேல், சமையல்கட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டு மேஜையில், அம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டால்தான். படித்தது முழுக்கத் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து படித்ததே மணியம்மா அரக்கோணத்திலிருந்து வரவழைத்துப் படிக்கும் மாத நாவல்களைப் பார்த்துத்தான். அரிசி பொறுக்கிக்கொண்டே அவள் சத்தமாகப் படிப்பாள், இது பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் கூடவே வரும். பேய் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் ஆபீஸிலிருந்துதான் வந்தது. முடியாத ஃபைல்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அதில் ஒரு பட்டா மாற்றத்துக்கு, செத்துப்போய் நாலு வருஷமான ஆள் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒன்பது வயசுக் குழந்தை அதைப் பார்த்துவிட்டு, “செத்துப்போனவரு எப்பிடி நைனா ஆபீசுக்கு வந்தாரு?” என்று கேட்டது. அதைத்தான் விசாரிச்சிக்கினு இருக்கேன் என்றேன். அப்புறம் பத்து வருஷம் கழித்து அவள் தங்களுக்கு அனுப்பிய முதல் கதை அதுவேதான். அதனால்தான் அவள் பேய்கள் யார் முன்னால் வந்து நின்றாலும் பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பர் சொல்லிவிட்டுத்தான் கத்துகின்றன. தாங்கள் ஒரு தடவை சர்வே நம்பரை எல்லாம் வெட்டிவிட்டு வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் எனக்குத் தெரியும். திருப்பதியில் பி.காம். முடித்து, ஒரு காலேஜ் ஆபீஸில் இரண்டு வருஷம் அட்மிஷன் பாரம் சரிபார்த்து, அந்த வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தபோது நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. இப்போது சொல்கிறேன், அறுபத்திரண்டையும் நான் படித்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது.

சான்றுகளைச் சேகரித்து, மூன்றையும் நானே சுயசான்றொப்பமிட்டு, பதினெட்டாம் தேதி சம்பந்தியம்மாவுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். இன்று இருபத்தைந்து. போய்ச் சேர்ந்துவிட்டது என்று போனில் மெசேஜ் வந்தது, சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. யஸ்வந்தைக் கேட்டால், அம்மா எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க, கோவமா கீறாங்க என்கிறான். தரணி அறுபத்து மூன்றாவது நாவலில் ஆறாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அம்மா பாத்திரம் உருட்டினாலும் எழுதுவதில்லை. கேட்டால் தலைவலி என்கிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் நான் அவளை இப்படிப் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை ஐயா. மார்ச் இதழுக்கு நாவல் வரவில்லை என்று தாங்கள் கேட்டால், காரணம் தங்கள் பின்அட்டைதான் என்று அறியவும்.

ஆகவே மார்ச் இதழின் பின்அட்டையில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், மேற்படி நான்கு வாக்கியங்களும் தவறானவை என்றும், எழுத்தாளருக்கு எந்தக் காலத்திலும் எந்த மோகினியும் பிடிக்கவில்லை என்றும் மறுப்பு வெளியிடவும், அதன் நகலைத் தங்கள் கடிதத்தாளில் கையெழுத்திட்டு எனக்கு அனுப்பவும் வேண்டுகிறேன். மூன்று இணைப்புகளின் நகல்களும் இத்துடன் உள்ளன. தங்கள் வீட்டு அம்மாவுக்கும், அச்சுக் கோக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல்லவும். தாங்கள் என்னைவிடச் சின்னவராக இருந்தால் ஆசீர்வாதம், பெரியவராக இருந்தால் நமஸ்காரம், எதுவோ பொருந்துகிறதை எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வே. தணிகாசலம்.

பி.கு.: இந்தக் கடிதத்தை எழுதி முடித்து, வீட்டில் நான் வைத்திருக்கும் அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றிய பிறகு, சாயந்திரம் ஐந்து மணிக்குச் சம்பந்தியம்மா போன் செய்தார். எண் போட்ட கடிதத்தைக் கிழிக்க விதி இல்லை. ஆகவே மிச்சத்தையும் இதிலேயே எழுதுகிறேன்.

“சம்பந்தி, இல்லன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி ஒங்கள யாரு கேட்டது? இருக்குதுன்னு குடுப்பீங்கன்னு இல்ல பாத்துக்கினு இருந்தேன்” என்றார்.

விஷயம் இதுதான். கொர்லகுண்டாவில் அவர்கள் இருப்பது மாடியில். கீழ்ப்போர்ஷனில் கங்கையா என்பவர் பதினாலு வருஷமாகக் குடியிருக்கிறார். கல்யாணம் ஆனால் பிள்ளைகளுக்கு அந்தப் போர்ஷன் வேண்டும், காலி செய்யச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்டும் மனுஷன் அசையவில்லை. சம்பந்தியம்மா பஸ் ஸ்டாண்டில் வாங்கிய புஸ்தகத்தைக் கொண்டுபோய், இந்தப் பெண்தான் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வருகிறாள் என்று அவரிடம் காட்டியிருக்கிறார். மறுநாளே கங்கையா பாத்திரத்தை எல்லாம் பெட்டியில் கட்டிவிட்டார். ஆனால் அச்சில் வருவதை நம்பாத ஆள், பெண்ணின் நைனா கைப்பட எழுதித் தரட்டும், அன்றைக்கே காலி செய்கிறேன் என்றிருக்கிறார். என் கவர் வந்ததும் சம்பந்தியம்மா பிரித்துக்கூடப் பார்க்காமல் நேரே அவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் மூன்று இணைப்பையும் சத்தமாகப் படித்து, வேர்க்கடலை விவரத்தை மட்டும் இரண்டு தடவை படித்து, பாத்திரத்தை எல்லாம் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டாராம்.

உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். “மூணு வருஷமா கங்கையாகிட்ட பேசிக்கினு கீறேன். மோகினிகிட்டயா பயப்படப் போறேன்?” என்றார். போர்ஷன் காலியாகாமல் முகூர்த்தம் குறிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மணியம்மா, “ஒரு லச்சம் நெஜம் எழுதினீங்க, ஒண்ணு போனா இன்னா?” என்றாள். தரணிதான் தடுத்தாள். “வாணாம் நைனா. ஒனக்கு ஒத்துக்காதத எழுதாத. நாங்க இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துக்கறோம்” என்றாள். சொல்லிவிட்டு வெற்றுப் பேப்பரை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். பொய்யை எழுதிக் கொடு என்று அவள் கேட்டிருந்தால் ஒருவேளை நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

ஆகவே மேலே கோரிய மறுப்பு வேண்டாம். பதிலாக இந்தத் திருத்தத்தை வெளியிடவும். ஆடி அமாவாசை என்பதைச் சித்ரா பௌர்ணமி என்று மாற்றவும். அது மே மாதம், கோடை விடுமுறை, வருகைப் பதிவேடு கிடையாது, கிருஷ்ணப்பா சார் கொடுத்த சான்றுக்கு எந்தப் பங்கமும் வராது. பங்களாவைப் பாகாலாவிலிருந்து கங்காதர நெல்லூருக்கு மாற்றவும். லீவுக்கு அங்கேதான் போவோம், என் குவார்ட்டர்ஸ் உத்தரவு அதைத் தடுக்காது. பாட்டனார் காம்பவுண்டர் என்பது அரசாங்க ரிக்கார்டு, ஆனால் டூட்டி ஐந்து மணிக்கு முடிகிறது, அதற்கு மேல் அவர் என்ன செய்தார் என்று எந்த ரிக்கார்டிலும் இல்லை. ஒன்பது நாள் என்பது அப்படியே இருக்கலாம்.

இதைத் தரணியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். “ஒரு ஓட்டகூட இல்ல நைனா” என்றாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். இப்போது மேஜையில் ஏழாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறாள், மார்ச் இதழுக்கு வந்துவிடும்.

மேற்கண்ட திருத்தத்தில் உள்ள விவரங்கள் யாவும் நான் அறிந்தவரையிலும் நம்பும்வரையிலும் உண்மையானவை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

வே. தணிகாசலம்.

நகல்: திரு. கங்கையா, கீழ்ப்போர்ஷன், கொர்லகுண்டா, திருப்பதி.